அத்தியாயம் 6: குதிக்கத் தெரியாத மாலுமி

"மாமா, இவன் குதிக்கவே மாட்டேங்கிறான்!"

என் அக்கா மகன் முதன்முதலாகப் பாப்பாய் ஆட உட்கார்ந்த அன்று, அரை நிமிடத்துக்குள் அவன் வாயிலிருந்து வந்த புகார் இது. பட்டனைப் படபடவென்று அழுத்திக்கொண்டிருந்தான். அழுத்திய ஒவ்வொரு முறையும் திரையில் பாப்பாய் காற்றில் ஒரு குத்து விட்டான். பின்னாலேயே வந்த தாடிக்காரன் ப்ரூட்டஸ் ஓர் உயிரை வாங்கிவிட்டுப் போனான். பையன் மறுபடியும் ஆரம்பித்தான், மறுபடியும் பட்டனை அழுத்தினான், மறுபடியும் உயிர் போயிற்று.

அவன் மேல் குற்றம் இல்லை. மரியோவில் தொடங்கி இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் வரை, ஆபத்து வந்தால் பட்டனை அழுத்து, குதித்துத் தப்பிவிடு என்றே நம் விரல்கள் பழகியிருக்கின்றன. பாப்பாயில் குதிப்பதற்குப் பட்டனே கிடையாது. நான்கு திசைக்கு நகரும் ஒரு ஜாய்ஸ்டிக், குத்துவதற்கு ஒரு பட்டன், அவ்வளவுதான். துரத்துபவனையும் குத்தி வீழ்த்த முடியாது. கால்களால் மட்டுமே தப்பிக்க வேண்டிய ஆட்டம் இது. அதனால்தான், துரத்தல் ஆட்டம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தின் கணக்கு

நின்டெண்டோ நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஆர்கேட் ஆட்டம் இது. மூன்று காட்சிகள், ஒவ்வொன்றிலும் பல அடுக்கு மாடிகள். உச்சியில் பாப்பாயின் காதலி ஆலிவ் ஆயில் நின்றுகொண்டு எதையாவது கீழே போட்டுக்கொண்டே இருப்பாள். முதல் காட்சியில் இதயங்கள், இரண்டாவதில் இசைக் குறிகள், மூன்றாவதில் 'ஹெல்ப்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகள். முதல் காட்சியில் 24, இரண்டாவதில் 16, மூன்றாவதில் மறுபடியும் 24 என்று அவற்றைச் சேகரிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால் முதல் காட்சியே இன்னும் கடினமாகத் திரும்பி வரும். இந்த ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லை.

விழுவதை அந்தரத்திலேயே பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடிமட்டம் வரை இறங்கி வந்தபிறகும் சிறிது நேரம் அது அங்கே இருக்கும். அந்த அவகாசத்துக்குள் எடுக்காவிட்டால்தான் உயிர் போகும். இந்த அவகாசம்தான் ஆட்டத்தின் உயிர்நாடி. புதிதாக ஆடுபவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இதயம் ஆலிவின் கையை விட்டதுமே பதறிக்கொண்டு ஓடுவார்கள். அது மெல்ல மிதந்து மாடி மாடியாக இறங்கும், இவர்களோ அதற்கு முன்னால் ஓடிப்போய், பின்னால் திரும்பி, ப்ரூட்டஸின் கைக்குள் நேராகப் போய் விழுவார்கள்.

உயரமான மாடியில் பிடித்தால் மதிப்பெண் கூடுதல், கீழே இறங்க இறங்கக் குறையும். ஆசை காட்டும் ஏற்பாடு இது. முதல் வாரம் மதிப்பெண்ணை அடியோடு மறந்துவிடுங்கள்.

கொஞ்சம் பூர்வீகம்

ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கதை உதவும் என்பதால் சொல்கிறேன். பாப்பாய் பிறந்தது காகிதத்தில். எல்சி சீகர் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்துவந்த 'திம்பிள் தியேட்டர்' படத்தொடரில் 1929 ஜனவரியில் துணைப் பாத்திரமாக எட்டிப் பார்த்த மாலுமி, கொஞ்ச காலத்திலேயே தொடரின் நாயகனாகிவிட்டான். 1933 முதல் ஃப்ளைஷர் ஸ்டுடியோவின் கார்ட்டூன் படங்கள் அவனை உலகமெங்கும் கொண்டுபோயின. அந்தப் படங்களில் வில்லனின் பெயர் ப்ளூட்டோ. 1960களில் தொலைக்காட்சிக்கு எடுத்த படங்களில் அதே தாடிக்காரன் ப்ரூட்டஸ் ஆனான். ஆட்டத்திலும் ப்ரூட்டஸ்தான். பழைய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் குழம்ப வேண்டாம், ஆள் ஒருவன்தான்.

1981இல் நின்டெண்டோ ஒரு நெருக்கடியில் இருந்தது. ரேடார் ஸ்கோப் என்ற அவர்களின் ஆட்டம் அமெரிக்காவில் எடுபடவில்லை. விற்காமல் தேங்கிய பெட்டிகளுக்குள் வேறோர் ஆட்டத்தைப் போட்டு விற்றாக வேண்டும். அந்தப் பொறுப்பு ஷிகேரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் வந்தது. அவர் முதலில் நினைத்தது பாப்பாய், ஆலிவ், முரட்டு வில்லன் என்ற மூவரை வைத்துத்தான். அந்த ஆட்டத்துக்குப் பாப்பாயின் உரிமம் அப்போது கைகூடவில்லை. மூவரின் இடத்தில் ஒரு தச்சனும் ஒரு பெண்ணும் ஒரு பெரிய குரங்கும் வந்தார்கள். அதுதான் டாங்கி காங். அந்தத் தச்சன்தான் பின்னாளில் மரியோ.

டாங்கி காங் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே ஆர்கேடுக்குப் பாப்பாய் வந்துவிட்டான். இம்முறை மியாமோட்டோவுடன் கெனியோ டகேடாவும் சேர்ந்து வடிவமைத்தார். பிறக்க வேண்டிய மூத்த பிள்ளை, தம்பிக்குப் பின்னால் பிறந்த கதை இது.

இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். டாங்கி காங்கில் மேலேயிருந்து வருவது பீப்பாய், அதைத் தாண்ட வேண்டும். பாப்பாயில் மேலேயிருந்து வருவது இதயம், அதை ஏந்த வேண்டும். அங்கே குரங்கு உச்சியில் நிற்கும், நீங்கள் அதை நோக்கி ஏறிக்கொண்டே போவீர்கள். இங்கே வில்லன் உங்கள் மாடிக்கே இறங்கி வருவான், நீங்கள் ஏறி, இறங்கி, சுற்றி வருவீர்கள். அங்கே குதி உண்டு, இயல்பான குத்து இல்லை. இங்கே குத்து உண்டு, குதி இல்லை. ஒன்றை ஆடிய கையோடு மற்றொன்றுக்கு வந்தால் கை ஏமாறும். என் அக்கா மகனுக்கு நேர்ந்தது அதுதான்.

ப்ரூட்டஸைப் படிப்பது

ஆட்டத்தின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

பாப்பாய்க்கு ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போகப் படியோ ஏணியோ வேண்டும். ப்ரூட்டஸுக்கு இறங்குவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே கீழ் மாடிக்குக் குதித்துவிடுவான். அதோடு, நீங்கள் அவன் தலைக்கு நேர் மேலே இருந்தால் கீழிருந்தே எம்பி அடிப்பான். இந்த இரண்டையும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இரண்டாவது இதயத்தைத் தாண்டுவதில்லை. அவனுக்கு நேர் மேலும் ஆபத்து, நேர் கீழும் ஆபத்து.

அப்படியானால் எங்கே நிற்பது? வேறு மாடியில், அதுவும் வேறு பக்கத்தில். அவன் மேல் மாடியில் இடது கோடியில் இருந்தால் உங்களுக்கு நல்ல இடம் கீழே வலது கோடி. இருவருக்கும் இடையே ஒரு சாய்கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் உங்கள் கையில் இருக்கிறது. கோடு செங்குத்தாகிவிட்டால் உடனே பக்கவாட்டில் நகருங்கள். படுக்கையாகிவிட்டால் மாடியை மாற்றுங்கள்.

அடுத்தது, தப்பிக்கும் திசை. பதறினால் கீழே ஓடுவதுதான் மனித இயல்பு. இந்த ஆட்டத்தில் அது பெரும்பாலும் தவறு. நீங்கள் படி தேடி, படியில் நடந்து இறங்கி முடிப்பதற்குள் அவன் ஒரே தாவலில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பான். ஏறும்போது மட்டும்தான் அவனுக்கு உங்களைவிட வசதி இல்லை. அதனால் நெருக்கடியில் மேலே போங்கள். கீழே இறங்குவதை நீங்கள் விரும்பும் நேரத்துக்கு ஒத்திவையுங்கள்.

அந்த விரும்பும் நேரத்தை எப்படி உண்டாக்குவது? தெருவில் ஓடிப்பிடிச்சு ஆடிய எல்லோருக்கும் இது தெரிந்த வித்தைதான். பிடிக்க வருபவனை ஒரு பக்கம் போக்குக் காட்டி இழுத்து, அவன் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் நழுவுவோமே, அதே வித்தை. ப்ரூட்டஸ் உங்களைத் தேடித்தான் வருகிறான். ஆக, அவன் எங்கே வருவான் என்பதை நீங்கள் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. அவன் மேலே இருக்கும்போது படியடியில் நின்று காத்திருங்கள். அவன் குதித்து உங்கள் மாடிக்கு இறங்கட்டும். இறங்கிவிட்டான் என்றால் இனி அவனும் படியேறித்தான் மேலே வர வேண்டும். அந்த நொடியில் நீங்கள் ஏறுங்கள். அவன் குதிப்பதற்கு முன்பே ஏறிவிட்டால் அவன் கையில் நீங்களே போய்ச் சிக்குவீர்கள். குதித்து வெகுநேரம் கழித்து ஏறினாலும் அதே கதிதான்.

இது ஒரு நாளில் வராது. எனக்கு வரச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால் கைவந்த பிறகு ஆட்டமே வேறாகத் தெரிந்தது. அதுவரை அவன் என்னை ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனை நான் மேய்க்க ஆரம்பித்தேன். இதயம் வலது பக்கம் விழப்போகிறது என்றால் முதலில் நான் இடது பக்கம் போய் அவனை அங்கே வரவழைப்பேன். பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் வருவேன். இதயமும் அதற்குள் சாவகாசமாக இறங்கி வந்திருக்கும்.

முதல் காட்சி: இதயங்கள்

மேலே சொன்ன அத்தனையையும் பழக ஏற்ற இடம் இதுதான். மற்ற இரண்டு காட்சிகளைப் பற்றிக் கவலைப்படாமல் இதிலேயே உழன்றாலும் தவறில்லை.

ப்ரூட்டஸைத் தவிர இன்னொரு தொல்லை உண்டு. திரையின் ஓரத்திலிருந்து கடல் சூனியக்காரி பாட்டில்களை வீசுவாள். பட்டன் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். பாட்டில் வரும் திசையைப் பார்த்து நின்று, அது கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்ததும் குத்தினால் நொறுங்கிவிடும். முதுகு காட்டிக்கொண்டு குத்தினால் பயனில்லை. பட்டனைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பதைவிட, ஒரு பாட்டிலுக்கு ஒரு குத்து என்று எண்ணி அடிக்கப் பழகுங்கள். தட்டிக்கொண்டே இருப்பவரின் கண் பாட்டிலின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், ப்ரூட்டஸை மறந்துவிடும்.

இந்தக் காட்சியில் குத்துச்சண்டை வீரர்கள் பழகும் பை ஒன்று தொங்கும். அதைக் குத்தினால் இன்னோர் இடத்தில் தொங்கும் வாளி கீழே விழும். நேர் கீழே ப்ரூட்டஸ் வந்திருந்தால் அது அவன் தலையில் கவிழ்ந்து, சற்று நேரம் அவனை முடக்கிப்போடும். பார்க்கவே ஆனந்தமான காட்சி. கார்ட்டூன் படத்தின் சுவை அப்படியே இறங்கியிருப்பது இங்கேதான். ஆனால் வாளிக்காகக் காத்து நிற்காதீர்கள். அவனை வாளிக்குக் கீழே இழுத்துவரப் போய் மூன்று இதயங்களைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழியில் வாய்த்தால் குத்துங்கள், இல்லையென்றால் போய்க்கொண்டே இருங்கள்.

பசலைக்கீரை டப்பா

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு டப்பா. அதைத் தொட்டால் போதாது, குத்தி எடுக்க வேண்டும். எடுத்ததும் கார்ட்டூன் படங்களில் பழகிய அந்த மெட்டு ஒலிக்கும், பாப்பாய் நிறம் மாறுவான், கொஞ்ச நேரத்துக்கு எதுவும் அவனை ஒன்றும் செய்யாது. அதுவரை துரத்தியவனை இப்போது நீங்கள் துரத்தலாம். எட்டிப் பிடித்துவிட்டால் ப்ரூட்டஸ் தூக்கியெறியப்பட்டுத் தண்ணீரில் போய் விழுவான். திரும்பி வரச் சற்று நேரம் ஆகும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லோரும் பிழை செய்கிறார்கள். ஒரு கூட்டம் காட்சி தொடங்கியதும் எடுத்துவிடும். அப்போது சேகரிக்கப் பெரிதாக எதுவும் இருக்காது, பலம் வீணாகும். இன்னொரு கூட்டம் கடைசி வரை பொத்திப் பொத்தி வைத்து, டப்பா அப்படியே இருக்கச் செத்துப்போகும். என் அனுபவத்தில் சரியான நேரம் இது: இரண்டு மூன்று பொருள்கள் ஒன்றாகக் கீழே இறங்கியிருக்கின்றன, ப்ரூட்டஸும் அதே மாடியில் நிற்கிறான், அவனைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. அப்போது எடுங்கள். அவனைத் துரத்தி அடிக்கும் மதிப்பெண்ணுக்காக மாடி மாடியாக ஓட வேண்டாம். வழியில் நின்றால் தள்ளிவிடுங்கள். அவன் தண்ணீரில் கிடக்கும் நேரம்தான் உண்மையான பரிசு. அந்த நேரத்தில் கீழே கிடப்பதையெல்லாம் வாரிக்கொள்ளுங்கள்.

டப்பா இருக்கும் ஓரத்தைக் காட்சி தொடங்கும்போதே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் தேடக் கூடாது.

இரண்டாம், மூன்றாம் காட்சிகள்

இசைக் குறிகளின் காட்சியில் 16 மட்டுமே சேகரிக்க வேண்டும் என்பதால் சுலபம் என்று தோன்றும், சீக்கிரமே முடிந்தும் விடும். இங்கே ஒரு ஏற்ற இறக்கப் பலகை இருக்கிறது. ஒரு முனையில் பருமனான விம்பி உட்கார்ந்திருப்பான். மேலிருந்து மறுமுனையில் போய் விழுந்தால் பாப்பாய் மேலே தூக்கியெறியப்படுவான். அந்தரத்தில் தொங்கும் குழந்தை ஸ்வீ பீயைத் தொட்டுவிட்டால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். இந்த ஆட்டத்தில் பாப்பாய் காற்றில் பறக்க வாய்ப்புள்ள இடம் என்பதால் பையன்களுக்கு இது மிகவும் பிடிக்கும். என் ஆலோசனை: இதை மதிப்பெண்ணுக்கான கருவியாகப் பார்க்காமல் வண்டியாகப் பாருங்கள். படி தேடாமல் மேலே போக வழி இருக்கிறது என்பதுதான் இதன் அருமை. ப்ரூட்டஸ் படியை மறித்து நிற்கும்போது அது கைகொடுக்கும்.

மூன்றாவது காட்சி கப்பல். இங்கேதான் ஆட்டம் தன் முழு முகத்தையும் காட்டுகிறது. மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு மேடை உண்டு. கழுகு ஒன்று பறந்து வந்து குறுக்கிடும், அதையும் குத்தி விரட்டலாம். எழுத்துகள் 24. இரண்டாவது காட்சியின் 16க்குப் பழகிய மனம், பாதியிலேயே முடிந்துவிட்டதாக எண்ணித் தளர்ந்துவிடும். இந்தக் காட்சியில் நான் இழந்த உயிர்களில் பாதி, முடியப்போகிறது என்ற நினைப்பில் இழந்தவைதான்.

கப்பலில் கழுகைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா, ப்ரூட்டஸைப் பார்ப்பதா என்று கேட்பார்கள். ப்ரூட்டஸைப் பாருங்கள். எழுத்துக்கு அவகாசம் உண்டு. கழுகை ஒரு குத்தில் விரட்டலாம். அவன் ஒருவனுக்குத்தான் கீரையைத் தவிர வேறு மருந்து இல்லை.

எதில் ஆடுவது, எப்படி அமைப்பது

அசல் ஆர்கேட் பெட்டியில் ஆட வாய்த்தால் அதற்கு ஈடே இல்லை. பாத்திரங்களைப் பின்னணியைவிட நுணுக்கமான புள்ளிகளால் வரைந்திருக்கிறார்கள். பாப்பாயின் குழாயும் ஆலிவின் ஒல்லிக் கைகளும் கார்ட்டூன் படத்திலிருந்து எடுத்து ஒட்டியதுபோல் இருக்கும். டாங்கி காங்கின் திரை நெட்டுக்குத்தானது, இதன் திரை படுக்கையானது. துரத்தலுக்கு அந்த அகலம் தேவைப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டில் வேலை பார்த்த நாள்களில், பழைய ஆட்டங்கள் வைத்திருந்த ஒரு கூடத்தில்தான் இதைக் கற்றேன். ஒரு மாதம் முழுக்க, படியடியில் வந்து ஏற முயலும்போதெல்லாம் செத்துக்கொண்டிருந்தேன். கை மந்தம் என்று நொந்துகொண்டேன். பிறகு ஊர் மாறி, வேறொரு பெட்டியில் ஆடியபோது முதல் தள்ளலிலேயே பாப்பாய் ஏறினான். பழைய பெட்டியில் ஜாய்ஸ்டிக்கின் மேல்திசைத் தொடர்பு தேய்ந்துபோயிருந்திருக்கிறது. அதனால் எந்தப் பெட்டியிலும் முதல் உயிரைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். நான்கு திசையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள், ஒரு முறை ஏறி இறங்குங்கள், இரண்டு முறை குத்துங்கள். எது சரியில்லை என்று தெரிந்தால் அதற்கேற்ப ஆடலாம், கடைக்காரரிடமும் சொல்லலாம்.

வீட்டில் என்றால், நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காக வந்த வடிவம் நல்லது. 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் ஜப்பானில் வெளியானபோது கூடவே வந்த மூன்று ஆட்டங்களில் பாப்பாயும் ஒன்று. டாங்கி காங்கும் டாங்கி காங் ஜூனியரும் மற்ற இரண்டு. நம் ஊரில் தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் பெட்டிகள் நினைவிருக்கிறதா? அவற்றில் பல, ஃபேமிகாமின் நகல்கள்தான். பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த மஞ்சள் நிறக் கேசட்டுகளில் பாப்பாயும் அடிக்கடி இருக்கும். பரணில் தேடிப் பாருங்கள். படம் ஆர்கேட் அளவுக்கு அழகாக இருக்காது, உருவங்கள் சிறுத்திருக்கும். ஆனால் மூன்று காட்சிகளும் உண்டு, ப்ரூட்டஸின் குணமும் மாறவில்லை. பயிற்சிக்கு அது போதும்.

அந்தப் பெட்டியைப் பழைய டப்பா டிவியில் இணைத்தால் நல்லது. புதிய தட்டை டிவி என்றால் அமைப்புகளில் கேம் மோடைத் தேடிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் இருக்கும். ப்ரூட்டஸ் குதித்த நொடியில் ஏற வேண்டிய ஆட்டத்தில் அந்தத் தாமதம் ஆளைக் கொல்லும்.

தனியாக ஜாய்ஸ்டிக் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் எட்டுத் திசைக் குச்சிகள். குச்சியின் அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருப்பியோ மாற்றியோ நான்கு திசைக்கு மட்டும் இடம் விடும்படி செய்ய முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஆட்டத்துக்குச் சாய்திசை கிடையாது. ஓடிவந்து படியடியில் குச்சியை மேலே தள்ளும்போது அது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தாலும் பாப்பாய் படியைக் கடந்து போய்விடக்கூடும்.

குச்சியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அதன் தலையைத் தாங்கினால் போதும், மணிக்கட்டு பலகையில் படிந்திருக்கட்டும். திசை மாற்றும்போது குச்சி ஒரு கணம் நடுவுக்கு வந்து போக வேண்டும். வலம், நடு, மேல். இதை ஆட்டம் இல்லாமலேயே நூறு முறை செய்து பாருங்கள். சுருதி சேர்ந்த மாதிரி ஒரு கட்டத்தில் கை தானாகச் செய்யும்.

பழகும் முறை

என் அக்கா மகனுக்கு நான் வைத்த பயிற்சியையே இங்கே தருகிறேன். முதல் மூன்று நாள், பட்டனைத் தொடவே கூடாது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு குச்சியால் மட்டும் ஆட வேண்டும். பாட்டில் வந்து உயிர் போனால் போகட்டும். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் இரண்டாம் நாளே அவன் கண் திரையின் நடுவிலிருந்து விலகி எல்லா மாடிகளையும் மேய ஆரம்பித்தது.

அதன்பிறகு, இதயம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ப்ரூட்டஸ் எங்கே இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மேலே", "கீழே", "பக்கத்துல", "நேரா மேலே". சொல்ல முடியாமல் தடுமாறினால் அந்த இதயம் கணக்கில் இல்லை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எடுக்கும் பொருளின் மேல் கண் ஒட்டிக்கொள்ளும் அந்த அரை நொடியில்தான் புதியவர்கள் எல்லோரும் சாகிறார்கள். வாய் பேச வேண்டியிருந்தால் கண் அவனை விட்டு விலக முடியாது.

மூன்றாவது, இருவராகப் பழகுவது. ஒருவர் ஆட, மற்றவர் விழும் பொருள்களை மட்டும் பார்த்து "வலது, ரெண்டாவது மாடி" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆடுபவருக்கு ப்ரூட்டஸைத் தவிர வேறு கவலை இருக்காது. சில நாளில் குரல் கொடுப்பவர் மௌனமாகிவிட வேண்டும். அப்போது ஆடுபவரின் காதுக்குள் அந்தக் குரல் தானாக ஒலிக்கும்.

கடைசியாக, கீரையைத் தொடாமல் முதல் காட்சியை முடிப்பது. அதை முடித்துவிட்டால் நீங்கள் கற்றுக்குட்டி இல்லை. இனி மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படலாம், மேல் மாடியிலேயே பிடிக்க ஆசைப்படலாம், வாளிக்கும் ஸ்வீ பீக்கும் திட்டம் போடலாம்.

மூன்று காட்சிகளும் முடிந்து முதல் காட்சி திரும்பி வரும்போது, தெரிந்த இடம்தானே என்று வேகமெடுக்காதீர்கள். பாதை பழையதுதான், ஆனால் உங்களைச் சுற்றி எல்லாம் முன்னைவிட மூர்க்கமாகியிருக்கும். முதல் இதயம் ஆலிவின் கையை விட்டதும் அதை விட்டுவிடுங்கள். இறங்கட்டும். ப்ரூட்டஸ் எந்தப் பக்கம் முதல் அடி எடுத்து வைக்கிறான் என்று பாருங்கள். அதற்குப் பிறகு குச்சியைத் தொடுங்கள்.